கிந்தா மணலும் ஆக்கப் பணிக்கான அணுவும்

பேராக் மாநிலத்தின் நவீன வரலாற்றை நாம் இரண்டு பொருள்களை வைத்தே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒன்று, மண்ணுக்குள் கிடந்த ஈயம். வழக்கில் ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயத்தையே. மற்றொன்று, மண்ணின் மேல் வளர்ந்த ரப்பர். ஈப்போ நகரத்தின் எழுச்சியும், கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கக் குளங்களும், நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டப்புறங்களும் இவ்விரண்டாலும் உருவானவை. மூன்றாவது பொருளொன்றும் இம்மண்ணில் உண்டு. அதன் பெயர் தோரியம். அதனை முன்னிட்டு 1980களில் ஈப்போவின் சுற்றுப்புறத்தில் நிகழ்ந்தவை, வளரும் நாடுகளில் அணுவாற்றலை ஆக்கப் பணிக்குப் பயன்படுத்தும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்னும் உலகளாவிய திட்டத்தின் உண்மையான சோதனையாக அமைந்தன. அச்சோதனையின் வரலாற்றை இவ்வுரையில் நிரல்படக் காண்போம்.

1. ஒரு வாக்குறுதியின் பிறப்பு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தபின், அணு என்னும் சொல் அச்சத்தின் சொல்லாயிற்று. அவ்வச்சத்தை நம்பிக்கையாக மாற்றும் முயற்சியாக, 1953ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் ஆற்றிய உரை அமைந்தது. அணுவின் ஆற்றலை மருத்துவத்திற்கும் வேளாண்மைக்கும் மின்னாக்கத்திற்கும் திருப்பவும், அதற்கெனப் பன்னாட்டு அமைப்பொன்றை நிறுவவும் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டிற்கு இந்திய அறிவியலாளர் ஹோமி பாபா தலைமை தாங்கினார். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஒரு நாட்டின் அறிஞர் அந்த இருக்கையில் அமர்ந்தது, வளரும் நாடுகள் இவ்வறிவில் பங்கு கேட்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம். 1957ஆம் ஆண்டு வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு பன்னாட்டு அணுவாற்றல் முகமை தோன்றியது. மலாயா விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான்.

முகமைக்கு இரண்டு கடமைகள் விதிக்கப்பட்டன. அணுப்பொருள் ஆயுதத்திற்குத் திருப்பப்படாமல் கண்காணிப்பது ஒன்று. கேட்கும் நாடுகளுக்கு வல்லுநர்களையும் கருவிகளையும் பயிற்சியையும் வழங்குவது மற்றொன்று. இந்த இரண்டாவதே தொழில்நுட்ப ஒத்துழைப்பு எனப்படுகிறது. இதில் ‘கேட்கும் நாடு’ என்பதன் பொருளை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும். முகமையிடம் கேட்பது அரசு. முகமை விடை கூறுவதும் அரசுக்கே. அரசுக்குக் கீழே வாழும் ஊர்களுக்கு இந்த ஏற்பாட்டில் தனியிடம் வகுக்கப்படவில்லை. பின்னால் நாம் காணப்போகும் சிக்கலின் விதை இங்கேதான் உள்ளது.

2. மலேசியாவின் முதல் அடிகள்

மலேசியா 1969ஆம் ஆண்டு முகமையில் உறுப்பு நாடாயிற்று. மறு ஆண்டிலேயே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தையும் உறுதிசெய்தது. 1972ஆம் ஆண்டு நாட்டின் அணு ஆராய்ச்சி நிலையத்திற்கு அடித்தளம் இடப்பட்டது. துன் இஸ்மாயில் அணு ஆராய்ச்சி நிலையம் என்றும், சுருக்கமாகப் புஸ்பாத்தி என்றும் அது அழைக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு மலேசியா, அமெரிக்கா, முகமை ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே ஆராய்ச்சி உலையும் அதற்கான செறிவூட்டிய யுரேனியமும் வந்தன. 1982ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், பாங்கியில் அமைந்த ஒரு மெகாவாட் திறனுள்ள அவ்வுலையில் தொடர்வினை தொடங்கியது. அது மின்சாரம் ஆக்கும் உலையன்று. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் கதிரியக்க ஓரிடத்தான்களை ஆக்குவதற்கும் உரியது.

இவ்வொத்துழைப்பு நம் தோட்டப்புறத்தின் பொருளையும் தொட்டது. ரப்பர் பாலைக் கையுறையாகவோ குழாயாகவோ ஆக்குவதற்குமுன், அதன் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். வழக்கமாக இது கந்தகத்தாலும் சில முடுக்கி வேதிப்பொருள்களாலும் நடைபெறுகிறது. அம்முடுக்கிகளுள் சில, உடலுக்குத் தீங்கான நைட்ரோசமீன் என்னும் பொருள்களைத் தோற்றுவிக்கக்கூடியவை. கோபால்ட்-60 தரும் காமாக் கதிர்களைப் பாலின் மீது செலுத்தினால், கந்தகமின்றியே அப்பிணைப்பை உண்டாக்கலாம். ஆசிய, பசிபிக் நாடுகள் முகமையின் துணையுடன் 1972ஆம் ஆண்டு செய்துகொண்ட வட்டார ஒத்துழைப்பு உடன்பாட்டின்கீழ், 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்களும் ரப்பர் விளைவிக்கும் நாடுகளின் ஆய்வாளர்களும் இம்முறையை வளர்த்தனர். இந்தோனேசியாவில் முன்னோடி ஆலை எழுந்தது. மலேசியாவும் பாங்கியில் இத்துறையில் ஆய்வு நடத்தியது. 1877ஆம் ஆண்டு கோலக்கங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய ஒரு தொழில், நூறாண்டுக்குப்பின் அணு அறிவியலோடு கைகோத்தது. ஒத்துழைப்பு என்னும் சொல் தன் நல்ல பொருளில் விளங்கிய இடம் இது.

3. சுரங்கக் கழிவில் கிடந்த தனிமம்

இனி ஈயத்துக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத் தாதுவை அலசிப் பிரித்தபின் எஞ்சும் கனத்த கருமணலை ‘அமாங்’ என்பர். பல காலம் பயனற்ற கழிவாகக் குவிக்கப்பட்ட அம்மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. இவற்றுள் மோனசைட்டில் அரிய மண் தனிமங்களோடு தோரியமும் உண்டு. மலேசிய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய நூற்றுக்கு ஆறேழு பங்கு எனலாம்.

மோனசைட்டின் கதை தமிழருக்குப் புதியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை அன்று திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அக்காலத்தில் வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. அணுயுகம் பிறந்தபின் அதே மணலின் மதிப்பு மாறிற்று. விடுதலை பெற்ற இந்தியா, மோனசைட்டை அரசுக் கட்டுப்பாட்டிற்குரிய அணுக்கனிமமாக்கியது. 1950ஆம் ஆண்டு இந்திய அரிய மண் நிறுவனத்தைத் தொடங்கி, ஆலுவாயில் அதனைப் பிரித்தெடுக்கும் ஆலையை 1952ஆம் ஆண்டு இயங்கச் செய்தது.

தோரியம் தானாகப் பிளவுறும் எரிபொருளன்று. அது ஒரு நியூட்ரானை ஏற்றுப் படிப்படியாக யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே எரிபொருளாகும். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டம் இம்மாற்றத்தையே இறுதி இலக்காகக் கொண்டது. கல்பாக்கத்தில் 1996ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிறிய ஆராய்ச்சி உலை, தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐக் கொண்டு இயங்குவது. ஆனால் இது நீண்ட வழி. மணலிலிருந்து உலை வரை செல்லும் முழு ஏற்பாடும் இல்லாத நாட்டில், பிரித்தெடுத்த தோரியம் எரிபொருளாவதில்லை. காக்கப்பட வேண்டிய கதிரியக்கக் கழிவாகவே அது தங்கிவிடுகிறது. தோரியம்-232இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

4. புக்கிட் மேரா

1979ஆம் ஆண்டு, மோனசைட்டிலிருந்து இட்ரியம் முதலான அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் நோக்குடன் ஆசிய அரிய மண் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி வேதியியல் நிறுவனம் அதில் 35 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்தது. எஞ்சியவை உள்நாட்டுப் பங்குதாரர்களுடையவை. வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறத்தைத் தருவதற்கு இட்ரியம் அன்று இன்றியமையாததாக இருந்தது. ஆலையின் துணை விளைபொருளாகிய தோரியம் ஹைட்ராக்சைடை என்ன செய்வது என்ற வினாவிற்கும் அப்பொழுதே ஒரு விடை கிடைத்தது. வருங்காலத்தில் அது அணு எரிபொருளாகக்கூடும். ஆகவே அது பேராக் மாநில அரசின் உடைமையாக இருக்கட்டும், நெடுங்காலச் சேமிப்பும் மாநிலத்தின் பொறுப்பாகட்டும் என்பதே அவ்விடை. புஸ்பாத்தியின் கருத்தும் இதன் தொடர்பில் பெறப்பட்டது.

இவ்விடையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கழிவு என்று சொல்லியிருந்தால், எங்கே புதைப்பது, எத்தனை காலம் காப்பது, யார் செலவில் காப்பது என்ற வினாக்கள் எழுந்திருக்கும். எரிபொருள் என்று சொன்னதும் அது செல்வமாயிற்று. ஆக்கப் பணிக்கான அணு என்னும் பெரிய நம்பிக்கை, ஒரு சிறிய மாநிலத்தின் கணக்கேட்டில் கடனை வரவாக எழுதிவிட்டது.

1982ஆம் ஆண்டு பாரிட் வட்டாரத்தில் சேமிப்பிற்கு இடம் பார்க்கப்பட்டது. அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். நிரந்தரச் சேமிப்பிடம் இல்லாமலேயே, அவ்வாண்டு ஜூலையில் லஹாட்டை அடுத்த புக்கிட் மேராவில் ஆலை இயங்கத் தொடங்கியது. பாங்கி உலை தொடங்கி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அணுவாற்றலுக்கான தனிச் சட்டம் நாட்டில் அப்பொழுது இல்லை. நிலையம் வந்தது, ஆலை வந்தது, கழிவு வந்தது; அவற்றை ஆளும் சட்டம் கடைசியாகவே வந்தது. அணுவாற்றல் உரிமச் சட்டம் 1984ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1985ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

புக்கிட் மேரா ஒரு புதுக்கிராமம். அவசரகாலத்தின்போது சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர்களின் வரிசையைச் சேர்ந்தது. அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் சீனர். எனினும் இக்கதை தமிழருக்கு அயலானதன்று. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் வீடும் வேலையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பேராக்கின் தோட்டப்புறங்களில் பல. அந்நிலைக்கு மாற்றாகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960ஆம் ஆண்டு தோற்றுவித்த துன் சம்பந்தன், இம்மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். தம் வாழ்விடம் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டுத் தம்மிடம் செய்தியாக மட்டும் வந்து சேர்வதன் பொருளைத் தோட்ட மக்களும் புதுக்கிராம மக்களும் வெவ்வேறு வழியில் அறிந்திருந்தனர்.

5. பாப்பானில் தோண்டிய குழிகள்

1983ஆம் ஆண்டின் இறுதியில், பழைய ஈயச் சுரங்க ஊராகிய பாப்பானுக்கு அருகே கழிவிற்கான குழிகள் தோண்டப்படுவதை அவ்வூரார் அறிந்தனர். ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்து, சித்திரவதைக்கு உள்ளான செவிலியர் சிபில் கார்த்திகேசு வாழ்ந்த ஊர் அது. 1984ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மக்கள் மனு அளித்தனர், சாலையை மறித்தனர், பெண்களும் சிறுவரும் உட்படப் பலர் ஊர்வலம் சென்றனர். குழிகள் பாதுகாப்பானவை என்று அதிகாரத் தரப்பு உறுதி கூறிற்று.

இவ்விடத்தில்தான் தொழில்நுட்ப ஒத்துழைப்பு எதிர்பாராத வடிவில் வந்தது. அரசின் அழைப்பின்பேரில் பன்னாட்டு அணுவாற்றல் முகமையின் வல்லுநர் மூவர் 1984ஆம் ஆண்டு பாப்பானுக்கு வந்து குழிகளைப் பார்வையிட்டனர். அவை பாதுகாப்பானவையல்ல என்பதே அவர்கள் முடிவு. படிப்பறிவு குறைந்தோர் என்று எண்ணப்பட்ட ஊர்மக்களின் ஐயமும், வியன்னாவிலிருந்து வந்த வல்லுநரின் கணிப்பும் ஒன்றாக நின்றன. மறு ஆண்டு தொடக்கத்தில் அமைச்சரவை பாப்பான் திட்டத்தைக் கைவிட்டு, கிளேடாங் மலைத்தொடரில் வேறிடத்தைத் தேர்ந்தது.

வல்லுநரும் மக்களும் எதிரெதிர் அணியினர் என்பது பொதுவான எண்ணம். பாப்பான் அதனைப் பொய்யாக்கிற்று. மக்கள் கேள்வி எழுப்பியதால் வல்லுநர் வந்தனர். வல்லுநர் அளந்து சொன்னதால் மக்களின் கேள்விக்கு வலுவேறியது.

6. நீதிமன்றத்தில் எட்டாண்டுகள்

பாப்பான் தப்பியது, புக்கிட் மேரா தப்பவில்லை. ஆலையின் கழிவு அங்கேயே தேங்கிக்கிடந்தது. தோரியம் வெளியிடும் ஆல்பாத் துகளை மனிதத் தோலே தடுத்துவிடும். ஆயினும் தூசாக மூச்சில் சென்றால் அதே துகள் நுரையீரலுக்குள் இருந்து தாக்கும். தோரியத்தின் சிதைவுத் தொடரில் தோரான் என்னும் கதிரியக்க வளிமமும் தோன்றுகிறது. எனவே ‘ஆலை வேலிக்கு வெளியே கதிர்வீச்சு எவ்வளவு’ என்ற கேள்வியோடு, ‘தூசும் வளிமமும் எங்கே செல்கின்றன’ என்ற கேள்வியும் முக்கியமானது.

1985ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஊர்மக்கள் எண்மர் தம் சார்பிலும் ஊரின் சார்பிலும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாள் அது. அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987ஆம் ஆண்டு பிப்ரவரியில் அணுவாற்றல் உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் வழங்கவே, பணி மீண்டும் தொடங்கியது; ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் நாடெங்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பலர் தடுத்து வைக்கப்பட்டபோது, பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவினரும் அவருள் இருந்தனர்.

விசாரணையில் கனடா, ஜப்பான் முதலிய நாடுகளின் வல்லுநரும் சாட்சியம் அளித்தனர். ஊரில் கருச்சிதைவுகளும் சிறுவரிடையே இரத்தப் புற்றுநோயும் மிகுந்துள்ளன என்று மக்கள் தரப்பு கூறிற்று. அவற்றிற்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என நிறுவனம் மறுத்தது. 1992ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, பதினான்கு நாளில் ஆலையை மூட ஆணையிட்டார். 1993ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. நிறுவனத்தின் வல்லுநர் சான்று ஏற்கத்தக்கது என்பது ஒரு காரணம். உரிமத்தை நீக்கும் அதிகாரம் வாரியத்திடம் இருக்க, மக்கள் அங்கேயே முறையிட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

சட்டத்தில் வென்ற நிறுவனம், சில வாரங்களில், 1994ஆம் ஆண்டு ஜனவரியில், ஆலையை மூடுவதாக அறிவித்தது. கழிவு மட்டும் மூடிப்போகவில்லை. கலங்களும் கட்டடங்களும் மாசுற்ற மண்ணும் அகற்றப்பட்டன. கிளேடாங் மலையில் 80,000க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் இருந்த கழிவை நிலையாக அடக்கம் செய்யும் பணி 2010களிலும் தொடர்ந்தது. தூய்மைப் பணியின் செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் என்று கூறப்பட்டது. செல்வமென்று ஏட்டில் எழுதப்பட்ட பொருளின் உண்மை விலை இது.

7. நாம் பெறும் பாடம்

2011ஆம் ஆண்டு, பகாங் மாநிலத்துக் கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அரிய மண் ஆலை எழுந்தபோது, மலேசியா முழுவதும் புக்கிட் மேராவின் பெயர் மீண்டும் ஒலித்தது. அரசு இம்முறை ஆலை இயங்கும் முன்னரே முகமையின் வல்லுநர் குழுவை அழைத்தது. அக்குழு பதினொரு பரிந்துரைகளை வழங்கிற்று. கழிவை நெடுங்காலம் கையாளும் திட்டம் முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்பதும், உரிம வாரியம் தன் செயல்களைப் பொதுமக்கள் அறிந்து புரிந்துகொள்ளுமாறு வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். கெபெங் ஆலை பற்றிய விவாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும், 1979ஆம் ஆண்டு எவரும் எழுப்பாத இரு வினாக்கள் 2011ஆம் ஆண்டு ஒரு பன்னாட்டு ஆவணத்தில் இடம்பெற்றன. அவற்றை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் பாரிட், பாப்பான், புக்கிட் மேரா மக்கள் என்று சொல்வது மிகையாகாது.

இவ்வரலாறு அணு அறிவியலுக்கு எதிரான சான்றன்று. புற்றுநோயாளிக்குக் கதிர் மருத்துவம் தரும் கருவியும், அறுவை மருத்துவருக்குத் தூய்மையாக்கிய கையுறையைத் தரும் கோபால்ட் மூலமும் அதே அறிவின் கொடைகளே. அணுவைக் கொண்டு ரப்பர்ப் பாலைப் பிணைக்க முயன்ற ஒத்துழைப்பையும், தோரியத்தைப் பேராக்கின் தலையில் விட்டுச்சென்ற தொழிலையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. முன்னது ஆய்வுக் கூட்டுறவு; பின்னது தொழில் முதலீடு. எனினும் பின்னது வேரூன்றியது, முன்னது உண்டாக்கிய நம்பிக்கையின் நிழலில்தான். ஆகவே பிரித்தறியும் திறன் வேண்டும். அத்திறனை மக்களுக்கு அளிப்பது கல்வியின் கடமை.

மொழி மன்றத்தின் மேடையில் இதனைப் பேசுவதற்கும் காரணம் இதுவே. கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. முன்னது வெளிப்படும் ஆற்றல். பின்னது அதனை வெளியிடும் பொருளின் இயல்பு. கதிர்வீச்சுக்கு ஆட்பட்ட கையுறை கதிரியக்கம் உடையதாகிவிடுவதில்லை. தோரியம் கலந்த தூசோ தானே கதிரியக்கம் உடையது. இவ்வேறுபாடு தெரியாத ஊர், அஞ்ச வேண்டாதவற்றிற்கு அஞ்சும். அஞ்ச வேண்டியதை நம்பிவிடும். பாதுகாப்பு அறிக்கைகளும் உரிம நிபந்தனைகளும் மக்கள் பேசாத மொழியில், மக்கள் காணாத கோப்புகளில் இருக்கும்வரை, ‘மக்கள் அறியாதவர்’ என்று குறை கூறுவது அறமாகாது.

நம் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர், தனிம அட்டவணையில் 90ஆம் எண்ணைக் காட்டும்போது, கிந்தாவின் அமாங் குவியலையும் மணவாளக்குறிச்சிக் கரையையும் சேர்த்துக் காட்டலாம். வரலாற்று ஆசிரியர் ஈயத்தையும் ரப்பரையும் சொல்லி முடித்தபின், கிளேடாங் மலையில் உறங்கும் அந்த மூன்றாம் பொருளையும் சொல்லலாம். வளரும் நாடுகளுக்கு அணு அறிவை வழங்கும் ஒத்துழைப்பில் கொடுப்பவர், பெறும் அரசு, இடைநிற்கும் முகமை என மூவரை மட்டுமே எண்ணும் வழக்கம் நெடுநாள் இருந்தது. நான்காமவராக, அருகே வாழும் மக்களையும் எண்ண வேண்டும் என்பதைப் பேராக் உலகிற்குக் கற்பித்தது. அப்பாடத்தைத் தெளிந்த தமிழில் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது நம் கையில் உள்ளது.